டஃப்னா கடினம் இல்ல வே, நோன்மை

"மனக் கடினத்தன்மை". இங்கிலீஷ் "மென்டல் டஃப்னெஸ்"க்குத் தமிழ்னு இந்தச் சொல்ல எவரு கண்டுபிடிச்சாரோ, தன்னம்பிக்கை வீடியோ, கிரிக்கெட் பேட்டிக்குப் போடுத தமிழ் சப்டைட்டில், கம்பெனி ட்ரெயினிங்னு எங்கன பாத்தாலும் இப்ப இதான் ஓடுது. பாளையங்கோட்டையில ஒரு வகுப்புல "கஷ்டப்பட்டு வளந்த ஆண்களுக்கு மனக் கடினத்தன்மை அதிகம்"னு ஒரு தம்பி ஸ்லைடு போட்டு வாசிச்சாரு, பக்கத்துல இருந்த அண்ணாச்சி மெதுவா "யாரு, பார்வோன் மாதிரியா?"ன்னாரு. அவரு சர்ச்சுக்குப் போறவரு. தமிழ் பைபிள்ல எகிப்து ராசா பார்வோனோட இருதயம் கடினப்பட்டதுன்னு திரும்பத் திரும்ப வரும், வாதைக்கு மேல வாதை வந்தும் எளகாத மனசு. நம்ம பக்கத்துக் காதுக்கு மனக் கடினம்னா அதான் அர்த்தம். கல்லு மனசுக்காரன்னு வைவாங்களே, அது. பாராட்டுன்னு நெனச்சு வசவு வச்சிட்டுப் போறாரு தம்பி.

இங்கிலீஷ் டஃப் பழைய இங்கிலீஷ்ல டோஹ், ஜெர்மன்காரன்கிட்ட அதுக்கு ஒறவுச்சொல்லு ட்ஸே. இழுத்தாலும் முறுக்குனாலும் லேசுல பிய்யாதது, ஒடையாதது. அவ்ளோதான், இதுல பெரிய மர்மம் ஒண்ணும் இல்ல.

அப்ப கடினம் எப்படி உள்ள வந்துச்சு? நம்ம பேச்சு வழியாத்தான். "மேக்ஸ் பேப்பர் டஃப்பு மாப்ள"ன்னா கடினம், சரி. "செமயா டஃப் குடுத்தான்"னா போட்டி பலம், அதுவும் சரி. இந்த பரிட்சை டஃப்ப எடுத்து அப்படியே மனுசன் மேல ஒட்டிட்டாங்க. ஒரு பேப்பர் டஃப்பா இருந்தா அது நம்மள படுத்துது, ஒரு மனுசன் டஃப்னா அவன் பட்டதத் தாங்கிட்டான், ரெண்டுக்கும் தெசையே வேற. மெக்கானிக்கல் படிச்ச பயலக் கேட்டாக்கூட சொல்லிருவான், அவன் பாடத்துல ஹார்ட்னெஸ்தான் கடினத்தன்மை, டஃப்னெஸ் தனி. கீறல் விழாம இருக்குறது கடினம். அடிய வாங்கிக்கிட்டு ஒடையாம இருக்குறது டஃப்னெஸ். ஒண்ணு கூடுனா மத்தது கொறையுறது இரும்புல சகஜம்.

சந்தேகம்னா கொல்லப்பட்டறையில போயி அருவா அடிக்கிறதப் பாருங்க. இரும்பப் பழுக்கக் காய்ச்சி அடிச்சு, வாய்ப்பக்கத்தத் தண்ணியில முக்குவாங்க, சொய்ங்னு ஒரு சத்தம், ஆவி கெளம்பும். அப்ப அது கடினம் ஆகுது. ஆனா அத்தோட விட்டா கருவேல முள்ள வெட்டும்போது ஒரு கணு பட்டதும் வாய் சில்லு சில்லாப் பேந்திரும். முக்காமயே விட்டா வாய் மடங்கிரும். அதனால முக்குனதத் திரும்ப எளஞ்சூட்டுல காட்டி, நெறம் மாறுதத பாத்து, அந்த வெறப்பக் கொஞ்சம் எறக்குவாங்க. அப்பத்தான் அருவா. கடினத்தக் கொறச்சாத்தான் டஃப்பு வரும், இவங்க என்னன்னா டஃப்புக்கே கடினம்னு பேரு வைக்காங்க.

இன்னொண்ணு, எனக்கு ரொம்ப எரிச்சல். "சுத்தத் தமிழ்ல சொல்லுதோம்"னுதான் இதப் போடுதாங்க, கடினம் வடசொல்லு! நம்ம சொல்லு கடுமை. அதோட எதுக்கெடுத்தாலும் பின்னாடி ஒரு "தன்மை". நேத்து ஒரு விளம்பரத்துல "மென்மைத்தன்மை"ன்னு பாத்தேன், மென்மையில இருக்குற "மை" என்ன வேல செய்யுதுன்னு நெனச்சாங்களோ. வடசொல்ல நான் தொரத்தச் சொல்லல, எங்க ஆச்சி வாயில தெனம் வந்த வைராக்கியமும் வடசொல்லுதான், வடமொழியில அதுக்குப் பற்றில்லாம இருக்குறதுன்னு அர்த்தம், இங்க வந்து பிடிச்ச பிடிய விடாததுன்னு ஆயிட்டு. ஆனா அதுவும் இங்க ஒத்து வராது. தம்பியோட இருவது வருசம் பேசாம இருக்குறவனுக்கும் நம்மூர்ல வைராக்கியக்காரன்னுதான் பேரு.

நம்ம கையில இருக்குற சொல்லு நோன்மை. நோன்னா வலிமை, நோன்றல்னா பொறுத்தல், ரெண்டும் ஒரே வேரு. திருமுருகாற்றுப்படையில முருகனோட காலச் சொல்லும்போது "மதனுடை நோன்தாள்", வலிமையான கால், அதுக்கு முந்துன சொல்லே "உறுநர்த் தாங்கிய", வந்து அண்டுனவங்களத் தாங்குன காலு. தாங்குனதுதான் பலம்னு நெனச்ச மொழி இது. அப்புறம் 261வது குறள்:

உற்றநோய் நோன்றல் உயிர்க்குறுகண் செய்யாமை
அற்றே தவத்திற் குரு

தனக்கு வந்த நோவத் தாங்கணும், அத அடுத்த உயிருக்குக் குடுக்கக் கூடாது. ரெண்டாவது பாதியத்தான் எல்லாரும் விட்டுருதாங்க. நான் பட்ட கஷ்டம் எம் மவனும் படட்டும்னு பெல்ட்ட எடுக்குறவன், பத்து வருசம் கல்ஃப்ல வெயில்ல கெடந்துட்டு வந்து வீட்டுல யாரையும் வாயத் தொறக்க விடாதவன், இவங்களத்தான் ஊரு "இரும்பு மாதிரி ஆளு"ங்குது. இரும்புதான், வாய் பேந்த இரும்பு.

நோன்மைக்கு ஆளக் காட்டுன்னா நான் ஒட்டப்பிடாரத்துக்காரரத்தான் காட்டுவேன். வ.உ.சி.க்கு 1908ல ரெட்ட ஆயுள் தண்டனை, கோயம்புத்தூர் ஜெயில்ல செக்கிழுத்தாரு, 1912ல வெளிய வந்தப்ப கப்பல் கம்பெனியும் இல்ல, வக்கீல் சன்னதும் (கோர்ட்டுல வாதாடுத உரிமம்) இல்ல, மெட்ராஸ்ல கடை போட்டுப் பாத்தாரு. அவ்வளவு பட்டவரு, பின்னால சன்னதத் திரும்ப வாங்கிக் குடுத்த வாலஸ்ங்கிற வெள்ளக்கார ஜட்ஜ் பேர மறக்காம தன் மவனுக்கு வாலேசுவரன்னு வச்சாரு. தண்டிச்சதும் வெள்ளக்காரன்தான், ஆனா அந்த நோவ எல்லாரு மேலயும் அவரு எறக்கல. இங்கிலீஷ் எழுத்தாளரு ஜேம்ஸ் ஆலன் புஸ்தகங்களத் தமிழாக்குனவரும் அவருதான், தலைப்பு பாருங்க, மனம்போல வாழ்வு, அகமே புறம், வலிமைக்கு மார்க்கம். எங்கனயாவது ஒரு "தன்மை" இருக்கா? இன்னைக்கு மொழிபெயர்க்குறவங்க அந்த மூணு தலைப்ப மட்டுமாவது எழுதி மேசையில ஒட்டிக்கிடலாம்.

மனத்திட்பம் இருக்கேன்னு சிலர் கேக்காங்க. நல்ல சொல்லு, 661வது குறள்லயே இருக்கு, ஆனா அது ஒரு காரியத்த முடிக்கிற உறுதி. தேர்தல்ல நிக்குறவனுக்கும் அது வேணும். பட்டுத் தேறுனவன்ங்கிற வாசம் அதுல இல்ல. பேச்சுல சொல்லணும்னா "தாங்குன ஆளு", "தாக்குப்பிடிச்சவன்" போதும், யாருக்கும் வெளக்கம் வேண்டாம். எழுத்துக்கு நோன்மை.

நோன்மைன்னா நோன்பு ஞாபகம் வருதே, ஔவையார் நோன்பு பொம்பளைங்க சமாச்சாரமாச்சே, ஆம்பள கெத்துக்கு ஒட்டுமான்னு ஒரு அண்ணாச்சி கேட்டாரு. ஆமா, அதே வேருதான், மேலப்பாளையத்து நோன்புக்கஞ்சியில இருக்குற அதே நோன்பு. ஒட்டலைன்னா நீங்க கெத்துக்கு வேற சொல்லு பாத்துக்கோங்க அண்ணாச்சி, நான் சொல்லுதது டஃப்புக்கு.