தாடையில் எதைக் ‘குறைக்கிறார்கள்’?

தாடை முறிவுக்கான சிகிச்சையைத் தமிழில் தேடினால் ‘மூடிய குறைப்பு’, ‘திறந்த குறைப்பு’ என்ற இரண்டும் வந்து நிற்கின்றன. பைக்கிலிருந்து விழுந்து கீழ்த்தாடை உடைந்தவர் இதைப் படித்தால், எலும்பைச் சீவிச் சின்னதாக்கப் போகிறார்கள் என்றுதான் பயப்படுவார்.

ஆங்கில மூலச்சொல் ‘ரிடக்சன்’. லத்தீனில் ‘ரே’ என்றால் திரும்ப. ‘டூகெரே’ என்றால் இட்டுச்செல். விலகியதை அதன் இடத்துக்குத் திரும்பக் கொண்டுவருவது. அளவு குறைப்பது பிற்பாடு ஏறிய பொருள்.

தாடையில் அந்த இடத்தைக் காட்டிக்கொடுப்பது பல். மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்போலக் கடித்து உட்கார வேண்டும். ‘மூடிய குறைப்பு’ எனப்படும் கீறாத முறையில் இரு வரிசையிலும் உலோகப் பட்டையைக் கம்பியால் கட்டி, மேலும் கீழும் சேர்த்துப் பூட்டிவிடுகிறார்கள். பெரியவர்களுக்குப் பொதுவாக 4 முதல் 6 வாரம், கஞ்சித் தண்ணீரும் ஜூஸும்தான். ‘திறந்த குறைப்பு’ எனப்படும் கீறும் முறையில், பெரும்பாலும் வாய்க்குள்ளேயே கீறி, துண்டுகளைக் கண்ணால் பார்த்துச் சேர்த்து, டைட்டானியத் தகடு வைத்துத் திருகுகிறார்கள். வாயைச் சீக்கிரம் அசைக்கலாம்.

இதில் குறைவது எது? ‘விலகல் குறைகிறதே’ என்று வாதாடுவார்கள். பாதி விலகலைப் போக்கினாலும் குறைப்புதான்; ஆனால் கடி தப்பிப் பொருந்திய தாடையோடு வருபவரிடம் ‘குறைத்துவிட்டோம்’ என்று எந்த மருத்துவரும் சொல்ல மாட்டார். அகராதியில் அடுத்த வரிக்குத் தாவி ‘ஒடுக்கம்’ என்று எழுதுபவர்களும் உண்டு. அது வேதியியல் பாடத்துச் சொல். எலும்பில் அதற்கு என்ன வேலை?

‘மூடிய’, ‘திறந்த’ இன்னும் மோசம். தோல் கிழியாத முறிவை ‘மூடிய முறிவு’ என்றும், காயம் வழியே வெளியுலகைத் தொடும் முறிவைத் ‘திறந்த முறிவு’ என்றும் ஏற்கெனவே எழுதுகிறோம். பல் இருக்கும் பகுதியில் தாடை உடைந்தால் ஈறு கிழிந்து முறிவு வாய்க்குள் திறந்துகொள்ளும். முகத்தில் கீறல்கூட இருக்காது. ஆக, ‘திறந்த முறிவுக்கு மூடிய குறைப்பு’ என்றொரு வாக்கியம் பிறக்கிறது. மொழிபெயர்த்தவருக்கே விளங்கியிருக்குமா என்பது சந்தேகம். சொல்லுக்குச் சொல் வைத்துக் கூலி வாங்கிக்கொண்டு போகிறவர்கள், ஒரு மருத்துவரை ‘அங்கே என்னதான் செய்கிறீர்கள்?’ என்று கேட்பதில்லை. தனித்தமிழ் என்று ‘மீள்கொணர்வு’ போல ஒன்றைக் கட்டிக் கொடுப்பவர்களும் கேட்பதில்லை.

எலும்பு ‘சேர்ந்துவிட்டதா’, ‘கூடிவிட்டதா’ என்றுதான் ஊரில் விசாரிக்கிறோம். ‘கூடுதல்’ தானாக ஆறி ஒட்டுவதற்கு இருக்கட்டும். மருத்துவர் கை வைத்துச் செய்வதை ‘இடஞ்சேர்த்தல்’ எனலாம்: ‘கீறி இடஞ்சேர்த்தல்’, ‘கீறாமல் இடஞ்சேர்த்தல்’. அதன்பின் தகடோ கம்பியோ கொண்டு அசையாமல் பிடித்துவைப்பது ‘நிலைநிறுத்தல்’. அது தனி வேலை, தனிச் சொல்.

கீறாத முறையை ‘அறுவையற்ற சிகிச்சை’ என்று எழுதுவதும் எனக்கு உவப்பில்லை. கம்பி கட்டுவதற்கும் மரத்துப்போகும் ஊசியாவது போட வேண்டும், சிலருக்கு முழு மயக்கமே தேவைப்படும். அறுவையற்றது என்று நம்பி மாத்திரையை எதிர்பார்த்து வருபவருக்கு, வாயைப் பூட்டிய பிறகு விளக்கம் கேட்பதுகூடச் சிரமம்தான்.