‘உகந்த தீர்வு கிடைத்தது’ என்று சால்வர் சொன்ன பிறகு பார்க்க வேண்டியவை

கட்டுப்பாடுகளை நேரியல் சமன்பாடுகளாக எழுதி, லாபத்தை அதிகமாக்கும் அல்லது செலவைக் குறைக்கும் விடையைத் தேடுவது நேரியல் திட்டமிடல்; அந்தக் கணக்கைத் தீர்க்கும் மென்பொருள் சால்வர். எக்செல் சால்வரோ, பைத்தானில் ஓடும் ஹைஸ் (HiGHS) போன்ற இலவசக் கருவியோ, எதில் கணக்கைப் போட்டாலும் கடைசியில் வருவது ஒரே வரிதான்: உகந்த தீர்வு கிடைத்தது. அந்த வரியின் பொருள் மிகக் குறுகியது. நீங்கள் எழுதிக் கொடுத்த சமன்பாடுகளுக்கு இதைவிட நல்ல விடை இல்லை, அவ்வளவுதான். எழுத மறந்த கட்டுப்பாடோ, தவறான அலகோ, பழைய விலையோ அதன் கண்ணில் படாது. நேரியல் திட்டமிடலை வேலையில் பயன்படுத்துகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்.

தீர்க்கும் முறையைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. 1939-இல் லெனின்கிராடில் கணிதவியலாளர் கந்தரோவிச் ஒட்டுப்பலகை ஆலையின் எந்திரங்களுக்கு வேலை பிரிக்கும் கணக்கிலிருந்து தொடங்கினார். 1947-இல் டான்ட்சிக், இத்தகைய கணக்குகளைப் படிப்படியாகத் தீர்க்கும் சிம்ப்ளக்ஸ் முறையைத் தந்தார். சில கணக்குகளில் சிம்ப்ளக்ஸின் படிகள் கட்டுக்கடங்காமல் பெருகும் என்று 1972-இல் கிளீயும் மிண்ட்டியும் காட்டினார்கள். 1984-இல் கர்மார்க்கர் உள்புள்ளி முறையோடு வந்தார். இன்றைய சால்வர்களில் இரண்டு முறைகளும் இருக்கின்றன. மிகப் பெரிய கணக்கை முதல்முறை தீர்க்கும்போது உள்புள்ளி முறை பெரும்பாலும் வேகமாக முடிக்கும். அதே கணக்கை இரண்டு எண்களை மட்டும் மாற்றி மறுபடி ஓட்டும்போது, பழைய விடையிலிருந்தே தொடங்கும் இருமைச் சிம்ப்ளக்ஸ் (dual simplex) நேரத்தை மிச்சப்படுத்தும். அன்றாட வேலைக்கு இந்த அளவு தெரிந்திருந்தால் போதும்.

மாடல் பிழைக்குப் பழைய உதாரணம் உணவுக் கணக்குதான். ஒரு மனிதனுக்கு வேண்டிய 9 சத்துகளை 77 உணவுப் பொருள்களிலிருந்து மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்று 1945-இல் பொருளியலாளர் ஸ்டிக்லர் கேட்டார். உத்தேச முறையில் அவர் கண்ட விடை ஆண்டுக்கு 39.93 டாலர். 1947-இல் அதே கணக்கைச் சிம்ப்ளக்ஸ் முறையில் மேசைக் கணக்கிடும் எந்திரங்களை வைத்துக் கையாலேயே தீர்த்தார்கள். சுமார் 120 ஆள்-நாள் உழைப்புக்குப் பிறகு வந்த விடை 39.69 டாலர். பிற்பாடு டான்ட்சிக் தன் சொந்த உணவுக் கட்டுப்பாட்டுக்கே இப்படி ஒரு மாடல் எழுதினார். வயிறு நிறைந்த உணர்வு அதிகம் வர வேண்டும் என்பது குறிக்கோள். பொருளின் எடையிலிருந்து அதில் உள்ள தண்ணீரைக் கழித்து அதை அளந்தார். கணினி 500 கேலன் வினிகர் குடிக்கச் சொன்னது. வினிகரில் தண்ணீரே இல்லை என்பதுபோல் தரவில் பதிவாகியிருந்ததுதான் காரணம். வினிகரை நீக்கியதும் நாளுக்கு 200 பூயான் (சூப்) கட்டிகள் சாப்பிடச் சொன்னது. அதற்கு 3 என்று உச்சவரம்பு வைத்ததும் அடுத்து நாளுக்கு இரண்டு பவுண்டு தவிடு சாப்பிடச் சொன்னது.

இதில் இரண்டு தனித்தனிக் கோளாறுகள் இருக்கின்றன. முதலாவது தரவுப் பிழை, இரண்டாவது விட்டுப்போன கட்டுப்பாடு. ‘இதை யாரும் செய்ய மாட்டார்கள்’ என்று நாம் சொல்லாமலே விட்டுவிடும் எதையும் சால்வர் செய்யும். அதுவும் எங்கே பிழை இருக்கிறதோ அங்கே போய்த்தான் நிற்கும், ஏனென்றால் தவறாக மலிவாகத் தெரியும் பொருள்தான் அதற்கு மிகவும் கவர்ச்சியானது. அதனால் விடை வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது மிகப் பெரிய எண் விழுந்த மாறியை. பிறகு, கைதேர்ந்த ஒருவர் கட்டாயம் பயன்படுத்தியிருப்பார், விடையிலோ பூஜ்யமாக இருக்கிறது என்கிற மாறியை.

நிழல் விலையைச் சரியாகப் படிப்பது

ஒரு பட்டறை மேசையும் அலமாரியும் செய்கிறது. மேசைக்கு லாபம் 600, அலமாரிக்கு 1000. வாரத்துக்கு வெட்டும் நேரம் 80 மணி, வெல்டிங் 120 மணி, பெயின்ட் 55 மணி.

வெட்டுதல்: மேசை + 2 அலமாரி ≤ 80
வெல்டிங்: 3 மேசை + 2 அலமாரி ≤ 120
பெயின்ட்: மேசை + அலமாரி ≤ 55

விடை 20 மேசை, 30 அலமாரி, லாபம் 42,000. வெட்டுதலும் வெல்டிங்கும் முழுதாகத் தீர்ந்துவிடுகின்றன. பெயின்டில் 5 மணி மிச்சம். ஒரு கட்டுப்பாட்டில் இன்னும் ஒரு மணி கிடைத்தால் லாபம் எவ்வளவு கூடும் என்பதே அதன் நிழல் விலை. அது வெட்டுதலுக்கு 450, வெல்டிங்குக்கு 50, பெயின்டுக்கு 0. சரிபார்ப்பது எளிது: 80 × 450 + 120 × 50 = 42,000. இருபக்கமும் ஒத்துப்போகாவிட்டால் எங்கோ ஒரு கட்டுப்பாடோ வரம்போ கணக்கில் வராமல் நிற்கிறது என்று பொருள்.

இந்த 450-ஐப் பார்த்ததும் பலர் செய்வது இதுதான். கூடுதல் வெட்டும் நேரம் மணிக்கு 350 வீதம் கிடைக்கிறது, மணிக்கு 100 மிச்சம், 40 மணி வாங்கினால் 4,000 லாபம் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். உண்மையில் அந்த 450 செல்லுபடியாவது வெட்டும் நேரம் 100 மணியைத் தொடும்வரைதான். அங்கே 10 மேசை, 45 அலமாரி, லாபம் 51,000, பெயின்ட் நேரமும் தீர்ந்துபோகிறது. 100-இலிருந்து 110 வரை ஒவ்வொரு மணியும் 400 மட்டுமே தரும். 110-இல் 55 அலமாரி, லாபம் 55,000. அதற்கு மேல் எத்தனை மணி வந்தாலும் ஒரு காசு கூடாது. ஆக 40 மணிக்குக் கொடுத்தது 14,000, கூடிய லாபம் 13,000. நான்காயிரம் லாபம் வரும் என்று வாங்கிய இடத்தில் ஆயிரம் நட்டம். நிழல் விலையை அதன் செல்லுபடி எல்லை இல்லாமல் அறிக்கையில் போடவே கூடாது. விடையோடு சால்வர் தரும் உணர்திறன் அறிக்கையில் இந்த எல்லை, அனுமதிக்கப்பட்ட உயர்வு என்றும் குறைவு என்றும் பக்கத்திலேயே இருக்கும். இங்கே உயர்வு 20, குறைவு 40.

இன்னொரு இடறல், அந்த 450 எதற்கு மேல் என்பது. மேசைக்கு 600 லாபம் என்று போடும்போதே வெட்டும் ஆளின் கூலியைக் கழித்திருந்தால், 450 என்பது வழக்கமான கூலிக்கு மேலே கொடுக்கத் தகுந்த தொகை. கழிக்காமல் போட்டிருந்தால் அதுதான் முழுத் தொகை. லாப எண்ணைக் கொடுக்கும் கணக்குப் பிரிவிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

புதுப் பொருள் ஒன்றைச் சேர்க்கலாமா என்பதற்கும் இதே விலைகள் உதவும். ஒரு ஸ்டாண்டுக்கு வெட்டுதல், வெல்டிங், பெயின்ட் மூன்றிலும் ஒவ்வொரு மணி வேண்டும், லாபம் 480 என்று வைப்போம். அது விழுங்கும் நேரத்தின் மதிப்பு 450 + 50 + 0 = 500. ஆகவே ஒவ்வொரு ஸ்டாண்டும் 20 இழப்பு. மாடலை மறுபடி ஓட்டாமலே இது தெரிந்துவிடும். மேசையின் லாபம் 500-க்கும் 1500-க்கும் இடையில் எங்கே இருந்தாலும் 20, 30 என்ற திட்டம் மாறாது என்பதும் அதே அறிக்கையில் இருக்கும். லாப எண்ணில் ஐயம் உள்ளவர்களுக்கு இது பெரிய நிம்மதி.

எக்செல்லில் இந்த அறிக்கை வேண்டுமானால் தீர்க்கும் முறையாகச் சிம்ப்ளக்ஸைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இயல்பாகத் தேர்வாகியிருப்பது நேரியல் அல்லாத கணக்குகளுக்கான ஜி.ஆர்.ஜி. முறை. அதன் அறிக்கையில் செல்லுபடி எல்லைகள் வராது. எக்செல்லோடு வரும் சால்வர் 200 மாறிகளோடு நின்றுவிடும் என்பதையும் மாடல் வளரத் தொடங்கும்போதே நினைவில் வையுங்கள். பைத்தானில் சைபை (SciPy) தொகுப்பின் லின்ப்ரோக் (linprog) எப்போதும் சிறுமமே காணும், லாபத்துக்குக் குறி மாற்றித் தர வேண்டும். மாறிகள் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்றும் அது தானாகவே எடுத்துக்கொள்ளும். நிகரக் கடன், இருப்பு மாற்றம் போன்று எதிர்மறையாகவும் வரக்கூடிய மாறிகளுக்கு வரம்பைத் திறந்துவிட மறந்தால், எச்சரிக்கை எதுவும் இல்லாமல் தவறான விடை வரும்.

அலகும் எண்ணின் அளவும்

சால்வர்கள் கட்டுப்பாட்டைத் துல்லியமாக அல்ல, ஒரு சகிப்பு எல்லைக்குள் நிறைவேற்றுகின்றன. பல சால்வர்களில் அது 0.000001 அளவில் இருக்கும். உற்பத்தியை மில்லியன் டன்னில் எழுதினால் அந்தச் சின்னப் பிழை ஒரு டன். ஒரு வரியில் 50,00,000 கிலோ, இன்னொரு வரியில் 0.002 என்ற விகிதம் என்று கலந்து எழுதினால் கணக்கு நிலைகுலையத் தொடங்கும். பெரும்பாலான எண்கள் 0.001-க்கும் 1000-க்கும் இடையில் விழும்படி அலகைத் தேர்ந்தெடுப்பது நல்ல பழக்கம்.

இதைவிட மோசமாகக் கடிப்பது ‘பெரிய எண்’ உத்தி. கிடங்கு திறந்தால் மட்டுமே சரக்கு அனுப்பலாம் என்பதைச் சரக்கு ≤ 10,00,000 × திறப்பு என்று எழுதுவார்கள். திறப்பு 0 அல்லது 1. முழு எண்ணுக்கான சகிப்பு 0.00001 என்றால், திறப்பு 0.00001 ஆக இருந்தாலும் சால்வர் அதைப் பூஜ்யம் என்றே ஏற்கும். பெருக்கிப் பாருங்கள்: மூடிய கிடங்கிலிருந்து 10 அலகு சரக்கு போகிறது. திறப்புச் செலவு 50,000 என்றால் அதில் 0.5 மட்டும் கணக்கில் ஏறும். பத்து லட்சத்துக்குப் பதில் அந்தக் கிடங்கின் உண்மையான கொள்ளளவை எழுதினால், அது 400 என்றால், கசிவு 0.004 ஆகச் சுருங்கிவிடும். கணக்கும் வேகமாக முடியும்.

கலவைக் கணக்குகளில் சதவீதக் கட்டுப்பாடு வரும். மொத்தக் கந்தகத்தை மொத்த எடையால் வகுத்தால் 0.5 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று அப்படியே எழுதினால் அது நேரியல் அல்ல. எடை எதிர்மறையாகாது என்பதால் இருபுறமும் எடையால் பெருக்கி, மொத்தக் கந்தகம் ≤ 0.005 × மொத்த எடை என்று எழுதுங்கள். 1952-இல் சார்ன்ஸ், கூப்பர், மெலன் மூவரும் விமானப் பெட்ரோல் கலவைக்கு நேரியல் திட்டமிடலைப் பயன்படுத்திய நாளிலிருந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் இது அன்றாட வேலை. ஆனால் எல்லாக் குணமும் எடைக்கேற்பக் கலக்காது. பிசுபிசுப்பு அப்படிக் கலக்காத ஒன்று. அதற்குக் கலவைக் குறியெண்ணாக மாற்றிய பிறகே சமன்பாட்டில் போட வேண்டும். சராசரி எடுத்தால் தொட்டியில் இருப்பது ஒன்று, தாளில் இருப்பது வேறொன்று.

‘தீர்வே இல்லை’ என்று வந்தால்

கட்டுப்பாடுகளை ஒவ்வொன்றாக நீக்கிப் பார்ப்பது நேரத்தைத் தின்னும். சில சால்வர்கள் ஒன்றோடொன்று மோதும் கட்டுப்பாடுகளின் சிறிய தொகுப்பைத் தாமே எடுத்துத் தரும். அந்த வசதி இல்லாவிட்டால், தேவை, கொள்ளளவு, தரம் போன்ற ஒவ்வொரு கட்டுப்பாட்டிலும் ஒரு பற்றாக்குறை மாறியைச் சேர்த்து, குறிக்கோளில் அதற்கு அபராதம் போடுங்கள். அப்போது மாடல் எப்போதும் ஒரு விடை தரும், எந்தத் தேவைக்கு எத்தனை அலகு குறைகிறது என்பதும் பளிச்சென்று தெரியும். தினசரி தானாக ஓடும் திட்டத்தில் இதைத் தொடக்கத்திலேயே வைத்துவிட வேண்டும், காலையில் உற்பத்தி மேலாளரிடம் ‘தீர்வு இல்லை’ என்ற தாளை நீட்ட முடியாது. அபராதத்தை உண்மை லாபத்தைப்போல் 10 அல்லது 20 மடங்குக்குள் வையுங்கள். கோடிக்கணக்கில் போட்டால் மேலே சொன்ன எண் சிக்கல் திரும்பி வரும். எல்லையற்ற தீர்வு என்று வந்தால் காரணம் அநேகமாக இரண்டில் ஒன்று: குறி மாறியிருக்கும், அல்லது விற்பனைக்கு உச்சவரம்பு விட்டுப்போயிருக்கும்.

முழு எண் தேவைப்படும் இடத்தில் பின்னத்தைக் கிட்டத்தட்டமாக்குவது ஆபத்து. 16 சதுர மீட்டர் இடம் இருக்கிறது. பெரிய எந்திரம் 9 சதுர மீட்டர், நாளுக்கு 24 அலகு செய்யும். சிறியது 5 சதுர மீட்டர், 13 அலகு. நேரியல் விடை 1.78 பெரிய எந்திரம். இரண்டாக்கினால் இடம் போதாது. ஒன்றாகக் குறைத்து, மிஞ்சிய இடத்தில் ஒரு சிறியதை வைத்தால் 37. சரியான விடை பெரியது ஒன்றுகூட இல்லாமல் மூன்று சிறியவை, 39 அலகு. எண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தால், 347.6-ஐ 347 ஆக்குவதால் பெரிய கெடுதல் இல்லை. ஒற்றை இலக்க எண்களிலும், திறப்பதா மூடுவதா என்ற முடிவுகளிலும் முழு எண் கட்டுப்பாட்டோடுதான் தீர்க்க வேண்டும். அப்படித் தீர்த்தால் நிழல் விலைகள் வழக்கமான பொருளில் கிடைக்காது என்பதையும் மறக்க வேண்டாம்.

பல வாரத் திட்டங்களில் கடைசி வாரத்தைப் பாருங்கள். முந்தைய இருப்பு + உற்பத்தி − விற்பனை = மிஞ்சும் இருப்பு என்ற சமன்பாட்டை மட்டும் எழுதிவிட்டால், கடைசி வாரத்தில் இருப்பு பூஜ்யமாகிவிடும். அதற்குப் பிறகு உலகம் இல்லை என்றே மாடல் நினைக்கிறது. கடைசி இருப்புக்குக் கீழ்வரம்பு வைக்கலாம். அல்லது 12 வாரத்துக்குத் தீர்த்து முதல் 4 வாரத்தை மட்டும் நடைமுறைப்படுத்தி, பிறகு மறுபடி ஓட்டலாம்.

இப்படி மறுபடி மறுபடி ஓட்டும்போது எழும் குறை, திட்டம் காரணமில்லாமல் தாவுவது. ஒரே லாபம் தரும் பல விடைகள் இருந்தால், தரவில் துளி மாறினாலும் சால்வர் வேறொன்றுக்குப் போய்விடும். தளத்தில் இருப்பவர்களோ ஏற்கெனவே ஆள் பிரித்து, மூலப்பொருள் இறக்கிவைத்திருப்பார்கள். இரண்டு முறை தாவினால் மூன்றாவது முறை அந்தத் தாளை யாரும் பார்க்க மாட்டார்கள். இதற்கு வழி, கணக்கை இரண்டு கட்டமாகத் தீர்ப்பது. முதலில் அதிகபட்ச லாபத்தைக் கண்டுபிடியுங்கள். பிறகு லாபம் அதில் 99.5 சதவீதத்துக்குக் குறையக் கூடாது என்பதைக் கட்டுப்பாடாக்கி, போன வாரத் திட்டத்திலிருந்து விலகும் அளவைச் சிறுமமாக்குங்கள். விலகலை ஒவ்வொரு பொருளுக்கும் கூடுதல், குறைவு என்று இரண்டு நேர்மறை மாறிகளாகப் பிரித்து எழுதினால் கணக்கு நேரியலாகவே இருக்கும். அந்த அரை சதவீதத்தை விட்டுக்கொடுக்கலாமா, எவ்வளவு விட்டுக்கொடுக்கலாம் என்பதை மாடல் எழுதுகிறவர் தனியாக முடிவு செய்யாமல், திட்டத்தை நிறைவேற்றும் மேலாளரோடு உட்கார்ந்து, 0.2, 0.5, 1 என்று மூன்று அளவுகளுக்கும் ஓட்டிய விடைகளை அவர் முன் வைத்துத் தீர்மானிக்க வேண்டும்.