விட்ட பக்கங்களை விட்டுவிடுங்கள்

ஏற்காட்டிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, சேலத்தில் உள்ள என் கிளினிக்குக்கு அவர் வந்திருந்தார். காபித் தோட்டத்தில் கணக்கெழுதும் ரைட்டர் வேலை. வயது அறுபதை நெருங்குகிறது. பையிலிருந்து இரண்டு டைரிகளை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று போன வருடத்தியது, நவம்பரோடு நின்றிருந்தது. மற்றதில் முதல் தாளின் ஒட்டுகூடப் பிரியவில்லை.

"எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, டாக்டர். மூளையில் ஏதாவது கோளாறா?"

பழைய டைரியைப் புரட்டினேன். நாளுக்கு இரண்டே வரி. எத்தனை ஆள், எத்தனை மூட்டை பழம், எவ்வளவு மழை. இடையிடையே பேரனுக்குப் பல் முளைத்தது, காட்டெருமை வேலியை முறித்தது. பழம் பறிப்பு மும்முரமான வாரத்தில் மனைவிக்குப் பக்கவாதம் வந்திருக்கிறது. பகலெல்லாம் களம், இரவெல்லாம் ஆஸ்பத்திரி பெஞ்சு. மார்ச்சில் அந்த அம்மா கோலூன்றி நடக்கத் தொடங்கினார், இவர் படுத்துவிட்டார்.

"ஓடிக்கொண்டிருந்தபோது நன்றாகத்தானே இருந்தேன்?" என்று கேட்டார். வேறு வேறு வாய்களிலிருந்து நான் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. நெருக்கடியில் சுரக்கும் அட்ரினலின், கார்டிசோல் ஹார்மோன்கள் களைப்பைத் தெரியாமல் வைத்திருக்கும். வேலை ஓய்ந்த பிறகுதான் அது வெளியே வரும்.

அதற்காக எல்லாவற்றையும் மனத்தின்மேல் போட்டுவிடவும் கூடாது. ரத்தசோகை, தைராய்டு, சர்க்கரை மூன்றையும் முதலில் பார்த்துவிடுவேன். இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூக்கமும் பசியும் கெட்டுக் கிடந்தால் அது வெறும் அசதி அல்ல, மனச்சோர்வாக இருக்கலாம். சிகிச்சை உண்டு. நேரில் வரத் தயங்குபவர்கள் 14416 என்ற அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

இவருக்கு ரத்தப் பரிசோதனையில் குறை ஒன்றுமில்லை. சிக்கல் வேறு. விட்டுப்போன ஐந்து மாதங்களையும் எழுதி முடித்த பிறகே புது டைரியைத் தொடுவது என்று முடிவு செய்திருந்தார். தினமும் மாலையில் நவம்பர் 18ஆம் தேதியைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்த ஆஸ்பத்திரி வராந்தாவுக்குள் மறுபடி போய் உட்கார்ந்திருக்கிறார். கை எப்படி ஓடும்?

எழுதினால் பாரம் குறையும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாதிதான் சரி. அமெரிக்க உளவியலாளர் பென்னிபேக்கர் 1986இல் வெளியிட்ட ஆய்வில், மாணவர்கள் தங்கள் கசப்பான அனுபவத்தைத் தினம் 15 நிமிடம், நான்கு நாள் எழுதினார்கள். அடுத்த மாதங்களில் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது உண்மை. ஆனால் எழுதி முடித்த கையோடு மனம் இன்னும் கனத்துத்தான் போயிருந்தது. சோர்ந்து கிடப்பவரிடம் அதை முதல் வேலையாகக் கொடுக்க எனக்கு மனம் வருவதில்லை. முதலில் ஆள் கணக்கும் மழைக் கணக்கும் திரும்பட்டும்.

"நவம்பரில் ஒரு கோடு போட்டுவிட்டு, இன்றைய தேதியைத் திறங்கள் ஐயா" என்றேன். முகம் சுருங்கியது. முப்பது வருடம் பேரேடு எழுதிய மனிதருக்கு இடைவெளி என்றால் குற்றம் மாதிரி. கொஞ்சம் பேரம் நடந்தது. கடைசியில் என் பேனாவையே வாங்கி, பழைய டைரியில் "இதன் பிறகு ஆஸ்பத்திரி" என்று மட்டும் எழுதினார்.

அடுத்த முறை புது டைரியோடு வந்தார். கேட்காமலே திறந்து காட்டினார்: "மழை 22 மி.மீ. ஒன்பதாம் நாள் காபி பூத்தது." அதற்குக் கீழே, அன்றைய தேதியில்: "சேலம் போனேன். டாக்டர் ஒன்றரை மணி நேரம் காக்க வைத்தார்."