ஈரான் கப்பலைப் பார்த்து லீசிங் எடுக்காதீர்கள்

இந்த மாதத்தில் இவர் நான்காவது ஆள். பண்டாரவளைப் பக்கம் ஒன்றரை ஏக்கர் தேயிலை வைத்திருக்கிறார். பதினொரு வருடமாக எங்கள் தொழிற்சாலைக்குக் கொழுந்து போடுகிறார். கையில் ஒரு பிளாஸ்டிக் உறை. அதற்குள் அடையாள அட்டைப் பிரதி, காணி உறுதியின் பிரதி, வாகனத்தைத் தவணைக்குக் கொடுக்கும் லீசிங் கம்பனியின் படிவம்.

"ஐயா, கொழுந்து வருமானக் கடிதம் ஒன்று வேண்டும். சின்ன லொறி ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன்."

இப்போது எதற்கு லொறி என்று கேட்டேன். அவர் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன். "இனி டீசல் விலை இறங்கும் ஐயா. திருகோணமலையில் இந்தியாவும் அரபு நாடும் சேர்ந்து எண்ணெய் மையம் கட்டப் போகிறார்கள். அம்பாந்தோட்டையில் சீனாக்காரன் சுத்திகரிப்பு ஆலை போடப் போகிறான். ஈரானும் நம் பக்கம்தான், தேயிலை கொடுத்தால் எண்ணெய் தருகிறான். கொழுந்து விலையும் ஏறத்தானே வேண்டும்?"

முதல் மூவரும் இதையே வெவ்வேறு சொற்களில் சொன்னார்கள். ஒருவர் கைபேசியில் காணொளியே காட்டினார். நான் தொழிற்சாலைக் கணக்காளன். (கணக்கப்பிள்ளை என்று எழுதினால் மலையகத்தில் தோட்டத்து மேற்பார்வையாளரைக் கூப்பிட்டதாகிவிடும்.) அரசியல் விஞ்ஞானம் படித்தவன் அல்ல. ஆனால் இந்தப் பேச்சை நம்பி எடுத்த வாகனத்தை லீசிங்காரன் வந்து இழுத்துக்கொண்டு போவதை எங்கள் தராசு மேடைக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

என்னை அதிகம் எரிச்சலூட்டும் கதையிலிருந்தே தொடங்குகிறேன். 'தேயிலைக்கு எண்ணெய்.'

பலர் மனதில் இருப்பது பண்டமாற்றுச் சந்தை. இங்கிருந்து தேயிலைப் பெட்டி போகும், அங்கிருந்து எண்ணெய்ப் பீப்பாய் வரும். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஈரானோடு செய்த அந்தத் தேயிலை உடன்படிக்கையால் ஒரு சொட்டு எண்ணெய்கூட வரவில்லை. அதில் பேசப்பட்ட எண்ணெய் 2012ஆம் ஆண்டளவிலேயே வந்து, சப்புகஸ்கந்தவில் சுத்திகரிக்கப்பட்டு, நம் லொறிகளில் எரிந்து, புகையாகப் போய்விட்டது. மிச்சம் இருந்தது கடன் மட்டும்: சுமார் 251 மில்லியன் டொலர், அதாவது 25 கோடி டொலருக்குச் சற்று மேல். 1969இல் இயங்கத் தொடங்கிய அந்தச் சுத்திகரிப்பு நிலையம் ஈரானின் மசகு (கச்சா) எண்ணெய்க்கு ஏற்றபடி அமைந்தது. விற்க ஈரான் தயார், வாங்க நாங்கள் தயார், கப்பலும் தயார். பணத்தை அனுப்ப வங்கிதான் இல்லை. ஈரான்மீது அமெரிக்கா பொருளாதாரத் தடை போட்டதும் எந்த வங்கியும் அந்தப் பக்கம் கையை நீட்டத் துணியவில்லை. கடன் கிடந்தது.

2021 டிசம்பரில்தான் அதைத் தேயிலையால் கழிப்பது என்று கையெழுத்தானது. மாதம் 5 மில்லியன் டொலர் பெறுமதியான தேயிலை. அங்கே தேயிலையை வாங்குகிறவர் தம் நாட்டுப் பணத்தைத் தம் நாட்டிலேயே கட்டுவார். இங்கே ஏற்றுமதியாளருக்குப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தின் பணம் ரூபாவாக வரும். டொலர் எங்குமே அசையாது, தடைக்காரனுக்கும் கோபம் வராது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு, மறுக்கவில்லை. ஆனால் உங்கள் கொழுந்து விலைக்கு அது என்ன செய்யும்? ஆண்டுக்கு 60 மில்லியன் டொலர் என்று வைத்துக்கொண்டாலும், நாட்டின் மொத்தத் தேயிலை ஏற்றுமதி 2023இல் சுமார் 1,300 மில்லியன் டொலர். இருபதில் ஒரு பங்குகூட இல்லை. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஈரான்காரர் விரும்பிக் குடிப்பது பெரும்பாலும் தாழ்நிலத் தேயிலை, காலி, மாத்தறை, இரத்தினபுரிப் பக்கத்துச் சரக்கு. கச்சான் காற்றில் வாசம் ஏறும் நமது ஊவாத் தேயிலைக்கு ஜப்பானிலும் ஜெர்மனியிலும்தான் ரசிகர்கள். நாலாயிரம் அடி உயரத்தில் நின்றுகொண்டு தெஹ்ரானைப் பார்த்து விலை எதிர்பார்க்கிறோம்.

"அப்படியென்றால் 2022இல் கொழுந்து விலை ஏறியது எப்படி ஐயா?" இதையும் நால்வரும் கேட்டார்கள். உடன்படிக்கை 2021 டிசம்பரில், விலை ஏறியது 2022இல், ஆகவே ஈரான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான் இது. அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்ததே 2023இல்தான் என்று சொன்னால் யாரும் நம்புவதில்லை.

விலையை ஏற்றியது ரூபாவின் வீழ்ச்சி. 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபா அளவில் இருந்தது. மே மாதத்தில் 360ஐத் தொட்டது. கிலோ மூன்றரை டொலருக்குப் போகும் தேயிலை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 200இல் அது 700 ரூபா, 360இல் 1,260 ரூபா. வாங்குகிறவன் ஒரு சதம்கூடக் கூட்டிக் கொடுக்கவில்லை. நம் பணம் செத்ததுதான் நமக்கு விலை உயர்வாகத் தெரிந்தது. பிறகு டொலர் 300 பக்கம் இறங்கியபோது அதே மூன்றரை டொலர்த் தேயிலை 1,050 ஆனது. உங்கள் மாதக் கொழுந்துக் கணக்குச் சிட்டையிலும் விலை விழுந்தது. ஈரான் கைவிட்டுவிட்டது என்று அப்போது ஒருவர் என்னிடம் வந்து வருத்தப்பட்டார்!

கொழுந்து விலை எப்படி வருகிறது என்பதையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன், தினமும் வாயால் சொல்லிக் களைத்துவிட்டேன். தொழிற்சாலையின் விற்பனைச் சராசரியில் 68 வீதம் கொழுந்து கொடுப்பவருக்கு, 32 வீதம் தொழிற்சாலைக்கு. நூறு கிலோ பச்சைக் கொழுந்தில் இருபத்தொன்றரை கிலோ தூள் என்று கணக்கு. சராசரி 1,000 ரூபா என்றால் உங்கள் கிலோவுக்கு 146 ரூபா. அவ்வளவுதான். இதில் எந்த ஜனாதிபதி யாருக்குக் கை கொடுத்தார் என்பதற்குத் தனி வரி கிடையாது.

அப்படியானால் நாடுகளின் உறவு நம்மைத் தொடவே இல்லையா? தொடுகிறது, ஆனால் நீங்கள் நினைக்கும் வழியில் அல்ல. தலவாக்கலையிலிருந்து கண்டிப் பக்கம் பஸ்ஸில் போகும்போது ஜன்னலால் பாருங்கள். 2012இல் திறந்த மேல் கொத்மலை ஜப்பானின் கடன். அதற்குக் கீழே கொத்மலை அணை, சுவீடனின் பணம். தெல்தெனியப் பக்கம் விக்டோரியா, பிரிட்டனின் உதவி; 1985இல் திறப்பு விழாவுக்கு மார்கரெட் தாட்சரே வந்தார். இன்னும் கீழே ரந்தெனிகல, மேற்கு ஜெர்மனி. 1977இல் ஆட்சி மாறிய பிறகு கொழும்பு எந்தப் பக்கம் முகத்தைத் திருப்பியது என்பதை நம் மலைகளில் கொங்கிறீட்டால் எழுதி வைத்திருக்கிறார்கள். பிறகு முகம் திரும்பியது. நுரைச்சோலையில் சீனாவின் 900 மெகாவோட் அனல் மின் நிலையம். நமது ஊவாவில் ஈரானோடு சேர்ந்து உமா ஓயா நீர்மின் திட்டம்.

உமா ஓயா நமக்குப் பக்கத்தில் என்பதால் கொஞ்சம் நிற்கிறேன். ஈரான் 45 கோடி டொலர் கடன் தருவதாகப் பேச்சு. மீண்டும் தடை வந்து கழுத்தைப் பிடித்தது. சுமார் 5 கோடி டொலர் வந்ததோடு நின்றது, மீதியை நமது அரசே போட வேண்டியதாயிற்று. சுரங்கத்துக்குள் நீர் கசிந்து பண்டாரவளைச் சுற்றுவட்டாரத்தில் கிணறுகள் வற்றின, சுவர்கள் வெடித்தன. 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி இப்ராஹிம் ரைசி நேரில் வந்து திறந்தார். ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஹெலிகொப்டர் விபத்தில் இறந்தார். 120 மெகாவோட் மின்சாரம் உண்மை, வற்றிய கிணறும் உண்மை. நண்பன் தருகிறான் என்று கணக்கு எழுதினால் எந்தப் பக்கத்தில் எதை எழுதுவது?

எண்ணெயும் மின்சாரமும் எங்கிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் அரசாங்கம் குனியத்தான் செய்யும். குனிய மறுத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் பழைய கணக்கு இருக்கிறது. 1960களின் தொடக்கத்தில் சிறிமாவோ அரசு அமெரிக்க, பிரித்தானிய எண்ணெய்க் கம்பனிகளின் சொத்துகளை அரசுடைமையாக்கியது, சோவியத் எண்ணெயை வாங்கியது. நட்டஈட்டுத் தகராறில் அமெரிக்கா 1963இல் உதவியை நிறுத்தியது. 1965இல் வந்த அரசு நட்டஈட்டைப் பேசி முடித்த பிறகே உதவி திரும்பியது. அண்மைக் கணக்கும் உண்டு. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் சிறு திட்டம் 2021இல் சீனக் கம்பனிக்குப் போனது. இந்தியா முகம் சுளித்தது. சீனா விலகியது. பிறகு அதே திட்டத்துக்கு இந்தியா நன்கொடை கொடுத்தது. மூன்று தீவில் விளக்கு எரிய வைக்க இத்தனை இழுபறி.

மலையகத்தில் வெளிநாட்டுக் கொள்கை பற்றி யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது வேறு விடயம். 1964இல் கொழும்பும் டெல்லியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் மலையகத் தமிழர் ஐந்தேகால் இலட்சம் பேரை இந்தியாவுக்குக் கப்பலேற்றக் கணக்குப் போட்டார்கள். அந்தக் கணக்கில் என் பாட்டியின் தம்பியும் ஒரு எண். இவ்வளவு பட்டும் கைபேசிக் காணொளியை எப்படி நம்புகிறோம் என்பதுதான் எனக்குப் புரியவில்லை.

சரி, டீசலுக்கு வருவோம். திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகள் 99 பற்றி 1987 இந்திய-இலங்கை ஒப்பந்தக் காலத்திலிருந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். பங்கு பிரித்துக் கையெழுத்திட 2022 ஜனவரி வரை ஆனது. இந்தியா, ஐக்கிய அரபு இராச்சியம், இலங்கை மூன்றும் எரிசக்தி மையத்துக்கு 2025 ஏப்ரலில் செய்தது புரிந்துணர்வு உடன்படிக்கை. அது ஆலை அல்ல, தாள். அம்பாந்தோட்டையில் சீனாவின் சினோபெக் கம்பனி போடும் 3.7 பில்லியன் டொலர் ஆலையும் 2025 ஜனவரியில் கையெழுத்தான நிலைதான். நாளைக்கே இரண்டும் எழுந்தாலும், பம்பில் விலை உலகச் சந்தையையும் டொலரையும் வரியையும் பார்த்து மாதா மாதம் மாறும். ஊரில் ஆலை இருப்பதால் டீசல் மலிவு என்பது, பக்கத்தில் தொழிற்சாலை இருப்பதால் தேயிலைத் தூள் இலவசம் என்பது மாதிரி. எங்கள் ஊழியர்களைக் கேட்டுப் பாருங்கள்.

2022ஐ மறந்துவிட்டீர்களா? ஜூன் கடைசியில் டீசல் லீற்றர் 460 ரூபா. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் 87இலிருந்து 340. மின் கட்டணம் அதே மாதம் சராசரியாக 75 வீதம், அடுத்த பெப்ரவரியில் மேலும் 66 வீதம் ஏறியது. வாட்டும் தொட்டியின் விசிறிகளை எந்த நேரத்தில் நிறுத்துவது என்று இரவு முழுக்கக் கணக்குப் பார்த்தோம். உக்ரேனில் போர் தொடங்கினால் வெலிமடையில் உர மூட்டை ஏன் ஏறுகிறது என்பதை உரம் வாங்குகிற உங்களுக்கு நான் விளக்கப் போவதில்லை.

இனி, கடிதம் கேட்டு வருபவர்களுக்கு. கடந்த பன்னிரண்டு மாதச் சிட்டைகளையும் எடுங்கள். மிகக் குறைந்த மூன்று மாதங்களைப் பாருங்கள், நல்ல மாதத்தைக் காட்டி என்னை ஏமாற்ற வேண்டாம், உங்களையும் ஏமாற்ற வேண்டாம். கொய்கூலி, உரம், முற்பணம் கழித்து மிஞ்சுவதில் மூன்றில் ஒன்றைத் தவணை தாண்டினால் படிவத்தை மடித்து வைத்துவிடுங்கள். டீசலை இன்றைய விலையில் அல்ல, 460இல் போட்டுப் பாருங்கள். அப்போதும் லொறி ஓடினால் எடுங்கள். 'உடன்படிக்கை', 'பேச்சுவார்த்தை', 'இணக்கம்' என்று முடியும் செய்தி எதற்கும் பணம் கட்டாதீர்கள். மின்சாரமும் எண்ணெயும் கையில் வந்து, அந்த மாதச் சிட்டையில் தெரிந்த பிறகு பேசுவோம்.

காணி உறுதியை மட்டும் ஈடு வைக்க வேண்டாம். இதைத் திட்டிச் சொல்லவில்லை, கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்து லய வீட்டில் பிறந்து சொந்தப் பெயரில் ஒன்றரை ஏக்கர் எழுதி வாங்கியவர்கள் நம்மில் எத்தனை பேர்? விரல் விட்டு எண்ணலாம். லொறி போனால் பஸ்ஸில் போகலாம்.

செவ்வாய்க்கிழமை வந்த அந்த நான்காவது ஆளின் கணக்கை அவருடைய சிட்டையின் பின்பக்கத்திலேயே போட்டுக் காட்டினேன். போன மாதம் 450 கிலோ. எல்லாம் போகக் கையில் நின்றது 35,000. தவணை 58,000. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டி, அந்த இரண்டு எண்களையும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். மற்றவர்களின் கொழுந்தையும் ஏற்றிச் சமாளிக்கலாம் என்றார். யாருடைய கொழுந்து, எத்தனை கிலோ என்று கேட்டேன். வீட்டில் கேட்டுவிட்டு வருகிறேன் என்று சிட்டையை உறைக்குள் வைத்துக்கொண்டு போனார். கடிதத்தை அடித்துத்தான் வைத்திருக்கிறேன், இன்னும் கையொப்பமிடவில்லை.

மற்றவர்கள் வருவதென்றால் சிட்டைகளோடு வாருங்கள். பத்தாம் திகதியில் வேண்டாம், அன்று கொழுந்துக் காசு கொடுக்கும் நாள், எனக்குத் தலை நிமிர நேரமிருக்காது.