ஒரே சொல்லில் ஓர் ஆணை

தேவனாம்பட்டினத்து மூதாட்டி ஒருவர், ரேஷன் அட்டையோடு சேர்த்துப் பாலித்தீன் பையில் சுற்றியிருந்த தாளொன்றை கடலூர் மஞ்சக்குப்பத்தில் உள்ள என் வழக்கறிஞர் அலுவலக மேசையில் எடுத்து வைத்தார். அவருடைய முதியோர் உதவித்தொகையை நிறுத்திய ஆணை அது. எண், தேதி, கையொப்பம் எல்லாம் இருந்தன. காரணம் மட்டும் "தகுதியின்மை" என்ற ஒரே சொல். விளக்கம் கேட்டு அவருக்கு எந்த அறிவிப்பும் வரவில்லை. "தபால் கவர் எங்கேம்மா?" என்று கேட்டேன். அதை வைத்து அடுப்புப் பற்றவைத்துவிட்டதாகச் சொன்னார். ஆணை எப்போது கைக்கு வந்தது என்பதற்கு அந்தக் கவரின் அஞ்சல் முத்திரைதான் சான்று.

இப்படிப்பட்ட அரசு ஆணையை எதிர்க்கும் ரிட் மனுவைக் கடலூர் நீதிமன்றத்திலேயே போடலாம் என்று பலர் நினைத்து வருகிறார்கள். அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவு அந்த அதிகாரத்தை உயர் நீதிமன்றத்துக்கே தருகிறது. கடலூருக்கும் புதுச்சேரிக்கும் அது சென்னைதான். காலவரையறை இல்லையென்றாலும், காரணமின்றித் தாமதித்தால் மனு அதனாலேயே தள்ளுபடியாகலாம். மேல்முறையீட்டுக்கு வழியிருந்தால் முதலில் அங்கே போகச் சொல்வதே வழக்கம். இயற்கை நீதி, அதாவது ஒருவரின் தரப்பைக் கேட்காமல் அவருக்கு எதிராக முடிவெடுக்கக் கூடாது என்ற நெறி, மீறப்பட்டிருந்தால் அதற்கு விலக்கு உண்டு.

உயர் நீதிமன்றம் பொதுவாக, அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று தானே முடிவு செய்வதில்லை. அதிகாரி அந்த முடிவுக்கு எப்படி வந்தார், அதற்குச் சட்டம் இடம் தந்ததா, பாதிக்கப்படுபவரின் தரப்பைக் கேட்டாரா, காரணம் எழுதினாரா என்றே பார்க்கிறது. நிர்வாக ஆணைகளுக்கும் இயற்கை நீதி பொருந்தும் என்று 1969-இல் கிரைபக் வழக்கிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மொகிந்தர் சிங் கில் வழக்கில் 1977 டிசம்பரில் வந்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போகிறது: ஆணையில் இல்லாத காரணத்தை, வழக்கு வந்த பிறகு பதில் மனுவில் எழுதிச் சேர்த்து அந்த ஆணையைக் காப்பாற்ற முடியாது. எந்த ஒற்றைச் சொல்லைப் பார்த்து அந்த அம்மா கலங்கினாரோ, அதுவே அவர் வழக்கின் பலமாக இருந்தது.

உயர் நீதிமன்றத்தில் ஆணை ரத்தானது, அவரிடம் விளக்கம் கேட்டு மீண்டும் பரிசீலிக்கும்படி உத்தரவாயிற்று. "திரும்ப அவங்ககிட்டயேவா போகணும்?" என்று சோர்ந்துபோனார். அது தோல்வி அன்று. இம்முறை அவர் பேச்சைக் கேட்காமலும் காரணம் எழுதாமலும் முடிவெடுக்க முடியாது என்பதைப் பொறுமையாக எடுத்துச் சொன்னேன். விசாரணைக்கான அறிவிப்பு வந்தபோது, கிழியாத கவரோடு அதை அதே பாலித்தீன் பையில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்தார்.