கொத்தடிமை மீட்பு: விடுதலைச் சான்றிதழ் கைக்கு வரும்வரை விடாதீர்கள்

செங்கல் சூளை, அரிசி ஆலை, மரம் வெட்டும் இடம், எதுவாகவும் இருக்கட்டும். வாங்கிய அட்வான்ஸுக்காக ஒரு குடும்பம் அங்கிருந்து கிளம்ப முடியாமல் உழைத்துக்கொண்டிருந்தால் அது கொத்தடிமை முறைதான். "கேட் திறந்துதானே இருக்கு, கையில செல்போன்கூட இருக்கே" என்று முதலாளி சொல்வார். சட்டம் கேட்டைப் பார்ப்பதில்லை. குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா, வேறு வேலைக்குப் போக முடியுமா, நினைத்தால் ஊருக்குப் போய்வர முடியுமா என்றுதான் பார்க்கிறது. அட்வான்ஸோடு இவற்றில் ஒன்று பறிபோயிருந்தாலே போதும். சாவு வீட்டுக்குப் போகிறவர் மனைவியையும் பிள்ளைகளையும் சூளையிலேயே விட்டுவிட்டுப் போக வேண்டுமென்றால், அதற்கு என்ன பெயர்?

1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடன் அப்படியே ரத்து. எழுதி வாங்கிய பத்திரமும் செல்லாது. இது கொத்தடிமைக் கடன் இல்லை என்று நிரூபிக்க வேண்டியது கடன் கொடுத்தவரின் பொறுப்பு, தொழிலாளியின் பொறுப்பு அல்ல.

புகாரை யார் வேண்டுமானாலும் மாவட்ட ஆட்சியரிடமோ கோட்டாட்சியரிடமோ (ஆர்டிஓ) கொடுக்கலாம். இடம், முதலாளி பெயர், எத்தனை குடும்பங்கள், குழந்தைகள் இருக்கிறார்களா என்பதை மனுவில் எழுதுங்கள். குழந்தைகள் இருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கும் சொல்லிவிடுங்கள்.

அப்புறம் நடக்கும் விசாரணையில்தான் பல வழக்குகள் கவிழ்கின்றன. முதலாளியும் மேஸ்திரியும் பக்கத்தில் நிற்கும்போது "பிரச்சினை எதுவும் இல்லை சார்" என்றுதான் வாயில் வரும். அதனால் தனியாக வைத்து விசாரிக்கச் சொல்லிக் கேளுங்கள். அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது வாங்கியது, வாரச் செலவுக்கு என்ன கொடுத்தார்கள், வெளியே போகக் கேட்டபோது என்ன நடந்தது, இந்த நான்கும் வாக்குமூலத்தில் ஏற வேண்டும். சில இடங்களில் இதைக் கூலித் தகராறு என்று பேசி முடித்து, பஸ் ஏற்றி ஊருக்கு அனுப்பிவிடுவார்கள். சான்றிதழ் வாங்காமல் அப்படி வந்துவிட்டால், சட்டத்தின் கண்ணில் அந்தக் குடும்பம் கொத்தடிமையாக இருந்ததே இல்லை.

அதனால்தான், இவர்கள் கொத்தடிமையாக இருந்து மீட்கப்பட்டவர்கள் என்று அதிகாரி எழுதித் தரும் விடுதலைச் சான்றிதழை இவ்வளவு வலியுறுத்துகிறேன். மத்திய அரசின் மறுவாழ்வுத் திட்டத்தில் உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். இதற்குத் தீர்ப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. முழு மறுவாழ்வுத் தொகை ஆண்களுக்கு 1 லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் 2 லட்சம். பாலியல் சுரண்டல், ஆள்கடத்தல் போன்ற கொடுமைகளுக்கு ஆளானவர்கள், மாற்றுத்திறனாளிகள், திருநர்களுக்கு 3 லட்சம். இந்த முழுத் தொகை குற்றவாளிக்குத் தண்டனை கிடைப்பதோடு பிணைக்கப்பட்டிருப்பதால் இழுத்தடிக்கும். என்னைக் கேட்டால் திட்டத்தின் பெரிய ஓட்டை இதுதான்: வழக்கு மெதுவாக நடப்பதற்குத் தொழிலாளி என்ன செய்வார்? வீட்டுமனை, வீடு, ரேஷன் அட்டை போன்றவற்றுக்குத் தனியாக மனு கொடுத்துக் கேட்கலாம்.

1976 சட்டத்தில் தண்டனை அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, 2,000 ரூபாய் அபராதம். அந்த 2,000 ரூபாய் சூளை முதலாளிக்கு ஒரு பொருட்டே அல்ல. ஆகவே, ஆட்களை ஏமாற்றியோ மிரட்டியோ கூட்டிவந்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் (இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 143-ஆவது பிரிவையும் (ஆள்கடத்தல்), தொழிலாளி பட்டியல் சாதி அல்லது பழங்குடியினர் என்றால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் முதல் தகவல் அறிக்கையிலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.

ஊர் திரும்பிய பிறகு மேஸ்திரி வாசலில் வந்து நின்று அட்வான்ஸைத் திருப்பிக் கேட்கலாம். ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம். ரத்தான கடனுக்குப் பணம் வாங்குவதே தனிக் குற்றம், அதற்கும் 3 ஆண்டு வரை சிறை உண்டு. சான்றிதழின் நகலோடு காவல் நிலையத்தில் புகார் கொடுங்கள். இலவசமாக வக்கீல் வேண்டுமென்றால் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேட்கலாம். கட்டாய உழைப்புக்கு ஆளானவர்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் வக்கீல் தர வேண்டும்.