பளிங்குச் சிலையைப் படமெடுப்பது எப்படி?

புகைப்படக் கலை பிறந்த புதிதில், கேமரா முன்னால் மனிதர்களை அசையாமல் உட்கார வைப்பதே பெரும்பாடு. சிலைக்கு அந்தத் தொல்லை இல்லை. இங்கிலாந்தின் புகைப்பட முன்னோடி வில்லியம் ஹென்றி ஃபாக்ஸ் டால்பட் 1840களில் பட்ரோக்ளஸ் என்ற கிரேக்கக் காவிய வீரனின் மார்பளவுச் சிலையைத் திரும்பத் திரும்பப் படமெடுத்தார். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருந்த பளிங்குச் சிலையின் பிளாஸ்டர் வார்ப்பு அது. வெண்மையாக இருப்பதால் சிலைகள் சீக்கிரம் பதிகின்றன என்று அவரே எழுதியிருக்கிறார்.

அதற்குக் காரணம் வேதியியல். படம் பதிய அன்று பயன்படுத்திய வெள்ளி உப்புகள் நீலம், ஊதா, புறஊதாக் கதிர்களை மட்டுமே நன்றாக உணர்ந்தன. மஞ்சளும் சிவப்பும் அவற்றுக்குக் கிட்டத்தட்ட இருட்டுதான். அதனால் பழைய பளிங்கில் படிந்த லேசான மஞ்சள் கறைகூட, படத்தில் அழுக்குத் திட்டாக விழும். வெண்கலம் என்றால் கேட்கவே வேண்டாம், உருவமே கருமைக்குள் போய்விடும். புது பிளாஸ்டரில் இந்தச் சிக்கல் இல்லை.

அடுத்தது வெளிச்சம். நேர் வெயிலில் மூக்கின் நிழல் பாதிக் கன்னத்தை மறைத்துவிடும். டால்பட் சொன்ன வழி எளிமையானது: சற்றுத் தள்ளி ஒரு வெள்ளைத் துணியைப் பிடித்தால், வெயில் அதில் பட்டுத் திரும்பி நிழல் பக்கத்தை மெதுவாக வெளிச்சமாக்கும். இன்றைய ஸ்டூடியோ ரிஃப்ளெக்டரும் இதே வேலையைத்தான் செய்கிறது. மேகமூட்டமான நாளும் நல்லது என்றார். சிலையைக் கொஞ்சம் திருப்பினாலே வேறொரு படம் கிடைக்கும் என்பதையும் கவனித்தார். எனக்கு அவருடைய குறிப்புகளிலேயே முக்கியமானதாகப் படுவது இதுதான்.

1850களில் பிரிட்டிஷ் அருங்காட்சியகம் ரோஜர் ஃபென்டனைப் படமெடுக்க அமர்த்தியது. கூரைமேல் அவருக்குக் கண்ணாடி ஸ்டூடியோ கட்டித் தந்தார்கள். ஆனால் டன் கணக்கில் எடையுள்ள சிலையை மாடிக்கு யார் தூக்குவது? கூடத்தில் விழுந்த வெளிச்சத்தில்தான் எடுக்க வேண்டும். அப்போதைய கொலோடியன் முறையில், கண்ணாடித் தகட்டில் பூசிய ரசாயனம் காய்வதற்குள் படமெடுத்துக் கழுவியும் முடிக்க வேண்டும். இருட்டறை பக்கத்திலேயே இல்லாவிட்டால் கதை முடிந்தது.

இப்படிப்பட்ட படங்களை வைத்துக் கலை மாணவர்கள் சிற்பம் படித்தார்கள். சிலையைத் திருப்பினால் படமும் மாறும் என்று டால்பட் கவனித்த விஷயம் அங்கேதான் சிக்கலானது. சுவிட்சர்லாந்துக் கலை வரலாற்றாளர் ஹைன்ரிஷ் வோல்ஃப்லின் 1896இல் புகைப்படக்காரர்கள் கோணத்தைத் தேர்ந்தெடுத்த விதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். அழகாகத் தெரியட்டும் என்று புகைப்படக்காரர்கள் பக்கவாட்டிலிருந்து எடுக்கிறார்கள், சிற்பி மனதில் வைத்திருந்த முதன்மைக் கோணம் தொலைந்துபோகிறது என்றார். இத்தாலியச் சிற்பி வெரோக்கியோவின் தாவீது சிலையை முன்னாலிருந்து பார்த்தால் உடலின் வெளிக்கோடு தெளிவாக இருக்கும், கைகால்களின் அசைவு புரியும். பக்கவாட்டுப் படத்தில் அதெல்லாம் குழம்பிவிடும் என்பது அவர் காட்டிய உதாரணங்களில் ஒன்று.